மண்ணுக்கு மூத்தவர்களின் பங்கு

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அக்குறணை வந்துவிடும். கடைகளும் பள்ளிவாசல்களும் நெருங்கி நிற்கும் முஸ்லிம் ஊர். வீதியை ஒட்டிப் பிங்கா ஓயா ஓடுகிறது. மழை கூடினால் அது டவுனுக்குள்ளேயே வந்துவிடும். சுற்றிவரச் சிங்களக் கிராமங்கள். என் சிறுவயதில் சில இரவுகளில் வயலுக்கு அப்பாலிருந்து மேளச் சத்தம் விடிய விடியக் கேட்கும். பெரஹரா ஊர்வலத்தின் மேளம் எனக்குத் தெரியும், இது வேறு. மூத்தம்மாவிடம் கேட்டால், "அங்க பலி குடுக்கிறாங்க மகன், நீங்க தூங்குங்க" என்பார். பலி என்றதும் கத்தியும் இரத்தமும் கண்ணுக்குள் வரும். போர்வைக்குள் சுருண்டுகொள்வேன்.

வளர்ந்த பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தேன். இரத்தம் எங்கேயும் இல்லை. வாழைமட்டையாலும் குருத்தோலையாலும் கட்டிய தட்டுகள், அவற்றில் பூ, வெற்றிலை, பொரி, சோறு, சிறு விளக்குகள். மூங்கில் சட்டத்தில் களிமண்ணை அப்பி, கிரக தேவதைகளை வனைந்து வண்ணம் தீட்டியிருந்தார்கள். யாருக்காகச் சடங்கு நடந்ததோ அந்த நோயாளி அந்த உருவங்களுக்கு எதிரே அமைதியாக உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் எல்லாவற்றையும் கலைத்துவிட்டார்கள். இத்தனை வேலைப்பாடும் ஓர் இரவுக்குத்தானா என்று எனக்கு மனம் அடித்துக்கொண்டது.

'பலி' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நடந்தால் இமயத்தைத் தாண்டித் திபெத் வரை போகலாம். அங்கே மடங்களில் 'தோர்மா' என்று ஒன்று செய்கிறார்கள். வறுத்த வாற்கோதுமை மாவை வெண்ணெயோடு பிசைந்து, கூம்பாகவோ முக்கோணமாகவோ பிடித்து, அதன்மேல் நிறம் சேர்த்த வெண்ணெயால் பூவும் வட்டுமாக ஒட்டுவார்கள். சாந்தமான தெய்வத்துக்கு வெள்ளைத் தோர்மா, உக்கிரமானதற்குச் சிவப்பு. பூசை முடிந்ததும் பெரும்பாலானவற்றை வெளியே கொண்டுபோய் எறிந்துவிடுவார்கள். காகமும் நாயும் தின்னும். அந்தப் பெயரே 'சிதறு, இறை' என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. இந்திய நூல்களைத் திபெத்திய மொழிக்குப் பெயர்த்த பண்டிதர்கள், மூலத்தில் 'பலி' என்று வந்த இடத்தில் 'தோர்மா' என்று எழுதினார்கள். என் மூத்தம்மா சொன்ன பலியும், தமிழ்க் கோயில்களில் கொடிமரத்தடியில் இருக்கும் பலிபீடமும், லாசாவின் வெண்ணெய்த் தோர்மாவும் ஒரே குடும்பத்தின் பிள்ளைகள்.

தோர்மா யாருக்கு? புத்தருக்கும் போதிசத்துவர்களுக்கும் உண்டு. ஆனால் அந்தச் சடங்கின் உயிர் இருப்பது வேறோர் இடத்தில். அந்தந்த ஊரில் குடியிருக்கும் ஆவிகளிடம். திபெத்தியர் அவற்றை இனம் பிரித்து அழைக்கிறார்கள். ஊற்றிலும் குளத்திலும் இருப்பது 'லு'; நம் நாகங்களுக்கு உறவு. நீரை அசுத்தமாக்கினால் அதற்குக் கோபம் வரும், தோல்நோய் தரும். சிவந்த பாறைகளில் 'த்சென்'. ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் அதன் மலைத்தெய்வம். நிலத்துக்குள் இருப்பது 'சதக்'. இந்தக் கடைசிப் பெயர்தான் எனக்கு வழிகாட்டியது. 'ச' என்றால் மண், 'தக்' என்றால் உடையவர். மண்ணின் சொந்தக்காரர். வீடு கட்ட, மடம் எழுப்ப, ஏன், ஒரு குழி தோண்டக்கூட அவரிடம் கேட்டாக வேண்டும். கேட்பதோடு நில்லாமல் கொடுக்கவும் வேண்டும்.

இந்தக் கொடை எங்கே தொடங்கியது என்று தேடினால் முதலில் எதிர்ப்படுவது பௌத்தத்துக்கு முந்திய திபெத். சீனத்துத் தாங் அரசர்களின் வரலாற்று ஏடுகள் திபெத்திய அதிகாரிகள் ஆண்டுதோறும் கூடிச் சத்தியம் செய்ததைச் சொல்கின்றன. ஆட்டையும் நாயையும் குரங்கையும் பலியிட்டு, மலை, ஆறு, வானம், பூமி ஆகியவற்றின் தெய்வங்களைச் சாட்சிக்கு அழைத்தார்கள். 821, 822ஆம் ஆண்டுகளில் சீனாவோடு செய்துகொண்ட பெரிய சமாதான உடன்படிக்கையின்போதும் விலங்குகளைக் கொன்றுதான் ஆணையிட்டார்கள். அந்த உடன்படிக்கையைப் பொறித்த கல்தூண் லாசாவில் இன்றும் நிற்கிறது. கவனித்துப் பாருங்கள், அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பௌத்தம் அங்கே அரச மதமாகியிருந்தது. புதிய மார்க்கம் வந்தும் பழைய பங்காளிகள் தங்கள் பங்கை விடவில்லை.

அந்த மார்க்கம் வந்த கதையும் இதைப் பற்றியதே. 8ஆம் நூற்றாண்டில் திரிசோங் தேத்சென் என்ற மன்னர் திபெத்தின் முதல் மடத்தைக் கட்ட விரும்பி, இந்தியாவிலிருந்து சாந்தரட்சிதர் என்ற பேராசானை அழைத்தார். நாளந்தாவின் அறிஞர் அவர், தர்க்கத்தில் சிங்கம். அவர் வந்து போதிக்கத் தொடங்கியதும் அரண்மனை ஒன்றை வெள்ளம் கொண்டுபோனது, லாசாவின் செங்குன்றில் இடி விழுந்தது, கொள்ளை நோய் பரவியது. நாட்டுத் தெய்வங்களுக்குக் கோபம் என்றார்கள் மக்கள். தர்க்கத்தால் வெள்ளத்தோடு வாதாட முடியுமா? மந்திரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள் என்று சாந்தரட்சிதரே சொன்னார் என்கின்றன திபெத்திய நூல்கள். அப்படித்தான் ஒட்டியான நாட்டிலிருந்து பத்மசம்பவர் வந்தார். கணவாய்க்குக் கணவாய், ஏரிக்கு ஏரி அவர் ஆவிகளை எதிர்கொண்டார். எதையும் அவர் அழித்ததாகக் கதை சொல்லவில்லை. வென்றார், சத்தியம் வாங்கினார், விட்டுவிட்டார். இனிமேல் மனிதரைக் கொல்லக் கூடாது, பௌத்தத்தைக் காக்க வேண்டும். பதிலுக்கு உங்களுக்கு முறைப்படி தோர்மா வந்துசேரும். இதுதான் ஒப்பந்தம். 779ஆம் ஆண்டளவில் சம்யே மடம் எழுந்தபோது, பகலில் மனிதர்கள் கட்டிய சுவரை இரவில் அதே ஆவிகள் உயர்த்திக் கொடுத்தன என்பது மரபு.

சீனாவின் துன்ஹுவாங் குகையில் 1900இல் வெளிப்பட்ட பழஞ்சுவடிகளில் ஒன்றும் இதையே பேசுகிறது. அதில் பத்மசம்பவரிடம் கட்டுப்பட்டுத் திபெத்தைக் காக்க ஒப்புக்கொள்பவர்கள் ஏழு பெண் தெய்வங்கள். ஏழு கன்னிமாரைக் குளக்கரையில் கல் நட்டு வணங்கும் தமிழருக்கு இந்த எண்ணிக்கை அந்நியமாக இருக்காது.

அப்படியானால் பத்மசம்பவர் கண்டுபிடித்த தந்திரமா இது? இல்லை. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தியாவில் இந்த வழக்கு நன்றாக ஊன்றியிருந்தது. பழைய கிருஹ்ய சூத்திரங்கள் வீட்டுக்காரன் தினமும் செய்ய வேண்டிய ஒரு வேலையைச் சொல்கின்றன: சமைத்த சோற்றில் சிறு உருண்டைகள் பிடித்து, வாசலில் ஒன்று, தண்ணீர்க் குடத்தருகே ஒன்று, உரலடியில் ஒன்று என்று பூதங்களுக்கு வைக்க வேண்டும். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும் வழக்கம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

துறவிகளும் விலக்கல்ல. 671இல் புறப்பட்டுக் கடல்வழியாக இந்தியா வந்து, நாளந்தாவில் பல ஆண்டுகள் தங்கிப் படித்த யிஜிங் என்ற சீனத் துறவி, இந்திய மடங்களின் சாப்பாட்டுக் கூடத்தைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். மூலையில் அல்லது வாசலில் ஹாரீதி என்ற யக்ஷியின் உருவம் இருக்குமாம், கையில் குழந்தையோடு. இவள் ஊரார் பிள்ளைகளைத் தின்றவள். அவளுக்கே 500 பிள்ளைகள். புத்தர் அவளுடைய கடைக்குட்டியை ஒளித்துவைத்தார். பறிகொடுத்த தாயின் வலி என்னவென்று அவளுக்கு அப்போது விளங்கியது. 'இனி நான் எதைத் தின்பேன்?' என்று அவள் கேட்டபோது, என் மடங்களில் உனக்கு நாளும் ஒரு பங்கு கிடைக்கும் என்று புத்தர் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்குக்காகவே நாளந்தாவிலும் மற்ற மடங்களிலும் அவளுக்குத் தினமும் சோறு வைத்தார்கள். யிஜிங்குக்கு ஒரு நூற்றாண்டு கழித்து அதே நாளந்தா மரபிலிருந்து சாந்தரட்சிதர் திபெத் போனார். இன்றும் திபெத்திய மடங்களில் சாப்பாட்டு நேரத்தில் துறவிகள் மாவிலோ சோற்றிலோ ஓர் உருண்டையைப் பிடித்து ஹாரீதிக்கும் அவள் பிள்ளைகளுக்குமென்று ஒதுக்கிவைக்கிறார்கள். மைசூருக்கு மேற்கே பைலகுப்பேயில் உள்ள திபெத்திய மடங்களுக்குப் போகிற தமிழர்கள் பொற்சிலைகளைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அடுத்த முறை அந்தச் சிறிய உருண்டையையும் தேடிப் பாருங்கள். சிலைகளைவிடப் பழைய கதை அதற்குள் இருக்கிறது.

இன்னும் பின்னால் போகலாம். 'பலி' என்ற சொல்லுக்கு வடமொழியில் மிகப் பழைய பொருள்களில் ஒன்று வரி. குடிகள் அரசனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் பங்கு. நேபாளத்து லும்பினியில் அசோகர் நிறுத்திய தூணில், புத்தர் பிறந்த ஊர் என்பதால் இந்தக் கிராமத்துக்குப் பலி இல்லை, விளைச்சலில் எட்டில் ஒன்று மட்டும் போதும் என்று வெட்டியிருக்கிறது. அங்கே பலி என்பது முழுக்க முழுக்க வரிதான். சோறோ பூவோ அதில் இல்லை. அரசனுக்குக் கட்டுவதும் ஆவிக்கு வைப்பதும் ஒரே சொல்லாக இருப்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. இந்த நிலம் என்னுடையதல்ல, எனக்கு முன்பே இதற்கு ஒருவர் இருக்கிறார், இங்கே விளைத்து உண்ண அவருக்குரியதைக் கொடுக்கிறேன்: பலி என்ற செயலின் அடியில் இந்த எண்ணம் இருக்கிறது என்பதே என் முடிவு. பயத்தால் போட்ட பிச்சை என்று சிலர் இதைச் சொல்வார்கள். பயம் உண்டுதான். ஆனால் பயந்தவன் ஓடிவிடுவான். வாரம் கொடுப்பவன் அந்த நிலத்திலேயே குடியிருக்க நினைப்பவன்.

இதற்கு ஆதாரம் தேடித் திபெத்துக்குப் போகத் தேவையில்லை. அக்குறணையைச் சுற்றியே கிடக்கிறது.

இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் ஒரு விசித்திரமான காரியம் செய்கிறது. முதல் அத்தியாயத்திலேயே புத்தர் மகியங்கனைக்கு வந்து, தீவிலிருந்த யக்ஷர்களை எல்லாம் கிரிதீபத்துக்கு அனுப்பிவிடுகிறார். ஆனால் பத்தாம் அத்தியாயத்தில் பண்டுகாபய மன்னன் அனுராதபுரத்தை அமைக்கும்போது யக்ஷர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மன்னன் அவர்களை விரட்டவில்லை. காலவேளன் என்ற யக்ஷனை நகரின் கிழக்கே குடியமர்த்துகிறான். சித்திரராஜனுக்கு அபய வாவியின் கீழ்ப்பக்கத்தில் இடம். குதிரைமுக யக்ஷிக்கு அரண்மனை வளாகத்துக்குள்ளேயே வீடு. யக்ஷர்களின் அரசனான வைஸ்ரவணனுக்கு ஓர் ஆலமரம். இன்னொரு தேவதைக்கு ஒரு பனை. ஆண்டுதோறும் எல்லோருக்கும் பலி. திருவிழா நாளில் மன்னன் சித்திரராஜனுக்குச் சமமான உயரத்தில் ஆசனம் போட்டு அருகே உட்கார்ந்தான் என்கிறது நூல். இந்தக் காட்சியை நான் எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை. ஒரு நகரத்தின் வரைபடத்தில் கோட்டை, குளம், மயானம் இவற்றோடு முன்பிருந்தவர்களுக்கும் முகவரி கொடுத்திருக்கிறார்கள். மகாவம்சம் தொகுக்கப்பட்டது 5, 6ஆம் நூற்றாண்டுகளில். பத்மசம்பவர் சம்யேக்குப் போவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது.

கண்டி மலைநாட்டில் இந்த எண்ணம் ஒரு முழு இரவு ஆட்டமாகவே வளர்ந்தது. அதன் பெயர் கொஹொம்ப கங்காரிய. கொஹொம்ப என்றால் சிங்களத்தில் வேம்பு. கதை இப்படி: இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய இளவரசன் விஜயனை ஏற்று, தன் இனத்தையே காட்டிக்கொடுத்து நாட்டை அவன் கையில் வைத்தவள் குவேனி என்ற யக்ஷி. அவன் அரசியாக ஓர் இளவரசி வேண்டுமென்று குவேனியைத் துரத்தினான். அவளுடைய சாபம் சிறுத்தையின் வடிவெடுத்து, விஜயனுக்குப் பின் அரசேறிய பண்டுவாசுதேவனைப் பிடித்தது. நோய் தீரவில்லை. தீர்க்கக்கூடியவர் தீவுக்கு வெளியே, மலைய தேசத்தில், பூவிலிருந்து பிறந்த ஓர் அரசர். அவரை வரவழைக்க ராகு காட்டுப்பன்றியாகிப் போய் அவருடைய தோட்டத்தை அழித்தான். அவர் துரத்த, பன்றி கடல் கடந்து ஓடிவந்து கண்டிக்குப் பக்கத்து ஹந்தானை மலையில் கல்லாகியது. வந்த அரசர் சடங்கு செய்து மன்னனைக் குணமாக்கினார். திரும்பப் போகும்போது, இனி இதைச் செய்யும் பொறுப்பை உள்ளூர்க் கொஹொம்ப யக்ஷனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

திபெத்துக் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதிதாக வந்த ஆட்சி, நிலத்தின் மூத்தவர்களின் கோபம், அரசனையே தொடும் கேடு, வெளிநாட்டிலிருந்து அழைத்துவரும் மந்திரக்காரர், கடைசியில் உள்ளூர் ஆவியே காவலாக மாறுவது. குவேனியிடம் இழைத்த துரோகத்தைக் கண்டியின் கலைஞர்கள் மறைக்கவில்லை. அவளுக்குச் செய்த அநியாயத்தால்தான் அரசன் நோயுற்றான் என்று அரசனின் நாட்டிலேயே ஆடிப் பாடினார்கள். அந்த நேர்மைக்காகவே இந்தச் சடங்கின்மேல் எனக்கு மதிப்பு.

கங்காரியவை ஆடுபவர்கள் 'யக்தெஸ்ஸா' எனப்படுவோர். அவர்கள் தலையில் அணியும் வெள்ளி 'வெஸ்' முடிதான் இன்று பெரஹராவிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் நாம் பார்க்கும் கண்டி நடனத்தின் அடையாளம். அந்த நடனம் பிறந்தது இந்தப் படையல் பந்தலில். நிகழ்ச்சிக்கு நடுவே வாழையில் செய்த பன்றி ஒன்றை வேட்டையாடிக் கூறுபோடும் கூத்தும் உண்டு. திபெத்தில் பழைய ஆட்டுக்கும் மாட்டுக்கும் பதிலாக மாவில் விலங்கு செய்து வைக்கிறார்கள். தமிழர்கள் நீற்றுப்பூசணியை வெட்டிக் குங்குமம் தடவுகிறார்கள். உயிருக்குப் பதிலாக ஓர் உருவம். மலை, கடல், மொழி எல்லாம் வேறாக இருந்தும் மூன்று மக்களின் கைகளும் இந்த ஒரே வழியைக் கண்டுகொண்டன.

இனி ஒரு செய்தி. கண்டி அரசில் தெய்வங்களுக்கு நிஜமாகவே நிலம் இருந்தது. விகாரைக்குரியது விகாரகம, தேவாலைக்குரியது தேவாலகம. அந்த நிலத்தில் உழுகிறவர்கள் வரிக்குப் பதிலாகச் சேவை செய்தார்கள்: மேளம் அடிப்பது ஒருவர், விறகு கொண்டுவருவது ஒருவர், ஆடுவது ஒருவர். ஆடுகிறவருக்கு விட்ட காணி 'நெட்டும் பங்குவ'. பங்குவ என்பது நம் 'பங்கு'தான். ஊர்த் தெய்வங்களுக்குச் சிங்களத்தில் 'கம்பார தெய்யோ' என்றும் ஒரு பெயர், கிராமத்தைப் பொறுப்பேற்றவர். திபெத்தில் மண்ணின் உடைமையாளர், கண்டியில் கிராமத்தின் பொறுப்பாளர். சடங்கு என்று நாம் இன்று பிரித்துவைப்பதை அன்றையவர்கள் காணி முறையின் ஒரு பகுதியாகவே நடத்தினார்கள்.

இரண்டு நாடுகளுக்கும் இடையே பொது இந்திய மூலம் மட்டுமா, நேரடிப் போக்குவரத்தும் இருந்ததா? இருந்தது. அதன் ஒரு முனை எங்கள் வீதியிலேயே இருக்கிறது. அக்குறணையிலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டர் அளவில், மாத்தளையைத் தாண்டியதும் அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முன் 1ஆம் நூற்றாண்டில், வாய்வழி வந்த திரிபிடகத்தை முதன்முதலில் ஏட்டில் எழுதியது இந்தக் குகைகளில் என்பது மரபு. அந்தத் திரிபிடகத்தில் இரத்தின சூத்திரம் என்ற ஒரு சிறு பாடம் உண்டு; சிங்கள வீடுகளில் காப்புக்காகப் பிரித் ஓதும்போது கட்டாயம் வரும். அதன் தொடக்கமே அங்கே கூடியிருக்கும் பூதங்களை நோக்கித்தான். இந்த மனிதர் இரவும் பகலும் உங்களுக்குப் பலி கொண்டுவருகிறார்களே, இவர்களைக் காப்பாற்றுங்கள் என்று அவர்களிடம் கேட்கிறது. பௌத்தத்தின் பழைய நூல் ஒன்று பலியைக் கண்டிக்காமல், அதைக் காரணம் காட்டிச் சலுகை கேட்கிறது. இன்னொன்று ஆடானாடிய சூத்திரம். அதில் யக்ஷ அரசன் வைஸ்ரவணனே புத்தரிடம் வந்து, காட்டில் தவம் செய்வோரை என் ஆட்களில் சிலர் தொந்தரவு செய்வார்கள், அவர்களைக் கட்டுப்படுத்த இந்த மந்திரக் காப்பை வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுக்கிறான். கண்டியின் தொவில் சடங்குகளில் யக்ஷனை அடக்க இன்றும் அழைப்பது வெஸமுனி ராஜாவின் ஆணையைத்தான். அந்த வெஸமுனி இந்த வைஸ்ரவணனே.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து ஆனந்தஸ்ரீ என்ற துறவி திபெத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு திபெத்திய மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து பாளி நூல்கள் 13ஐ அந்த மொழிக்குப் பெயர்த்தார். அவற்றுள் ஒன்று ஆடானாடிய சூத்திரம். திபெத்தியரின் மறைநூல் தொகுப்பான கஞ்சூரில் அந்த 13 நூல்களும் இருக்கின்றன. அதற்கும் முன்னால் இலங்கையைச் சேர்ந்த ஜயபத்திரர் கங்கைக்கரை விக்கிரமசீலப் பல்கலைக்கழகத்தில் தாந்திரிக ஆசானாக இருந்து, சக்கரசம்வர தந்திரத்துக்கு உரை எழுதினார். திபெத்தியர் அதைப் போற்றிக் காத்தார்கள். கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகைக்கு எதிரே உள்ள நாத தேவாலையையும் எட்டிப் பார்க்க வேண்டும். கண்டி நகரில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டடம் அது, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாதர் என்பது அவலோகிதேஸ்வரர். தலாய் லாமாவாகப் பிறந்து வருவதாகத் திபெத்தியர் நம்புவதும் இவரைத்தான்.

நானும் என் ஊராரும் இதையெல்லாம் வேறு இடத்தில் நின்று பார்க்கிறோம். எங்கள் மார்க்கத்தில் அல்லாஹ்வைத் தவிர வேறு எவருக்கும் நேர்ந்து படைப்பதில்லை. ஆனால் பின்னால் வந்து குடியேறுவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். அக்குறணை முஸ்லிம்கள், கண்டி மன்னனுக்குப் போரில் துணைநின்று இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிய மூன்று அரபிகளின் வழி என்று மூத்தோர் சொல்வார்கள். 1626இல் போர்த்துக்கேயர் முஸ்லிம்களைக் கரையோரத்திலிருந்து துரத்தியபோது கண்டியின் செனரத் மன்னன் இடம் கொடுத்தது வரலாறு. அதே 17ஆம் நூற்றாண்டில் லாசாவில் ஐந்தாம் தலாய் லாமா காஷ்மீர முஸ்லிம்களுக்கு நிலம் கொடுத்தார். நாலு பக்கமும் அம்பு எய்து, விழுந்த இடம் வரை உங்களுடையது என்றார்களாம். அந்த இடத்துக்குத் 'தொலைவம்புத் தோட்டம்' என்றே பெயர். பள்ளிவாசலும் அங்கே உண்டு. ஓர் இடத்தில் இருந்தவர் வந்தவருக்கு இடம் விட்ட கதைதான் இதுவும். குருணாகலில் இன்னும் ஒன்று: முஸ்லிம் தாய்க்குப் பிறந்து அரசேறியதால் பிரபுக்கள் எத்தாகலைப் பாறையிலிருந்து உருட்டிக் கொன்ற இளவரசனைச் சிங்கள மக்கள் கலே பண்டார தெய்யோவாக வணங்குகிறார்கள். அநியாயமாக இறந்தவர் அந்த மண்ணுக்குக் காவலாகிவிடுகிறார்.

இந்த வழக்கு அண்மையிலும் புதிதாகப் பிறந்திருக்கிறது. 1820களில் தொடங்கித் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட பிறகு தேயிலைக்கும், ஆட்கள் வந்தார்கள். மன்னாரில் இறங்கிக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியெல்லாம் பிணம் விழுந்தது. தெரியாத மலை, தெரியாத குளிர். அவர்களுக்கு இந்த மண்ணின் மூத்தவர் யாரென்று சொல்லித்தர எவரும் இல்லை. ஊரிலிருந்து முனியாண்டியையும் மாடசாமியையும் கொண்டுவந்தார்கள். போதவில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி காலைப் பிளக்காமல் இருக்கக் கவ்வாத்துச்சாமி பிறந்தார். தொழிற்சாலையின் ரோதை கையை இழுத்துவிடாமல் இருக்க ரோதைமுனி வந்தார். கொழுந்துக்குக் கொழுந்துச்சாமி. இந்தப் பெயர்களை முதன்முதலில் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. திபெத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாறைக்கும் ஊற்றுக்கும் நடந்த அதே காரியம், இங்கே இரும்பு யந்திரத்துக்கு நடந்திருக்கிறது. ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே ஓர் உடைமையாளரைக் கண்டு, அவருக்குப் பொங்கல் வைத்து, சேவல் அறுத்து, பிறகுதான் வேலையில் இறங்கினார்கள்.

ஏ9 வீதியில் இதே வடக்கு நோக்கிப் போனால் முறிகண்டிப் பிள்ளையார். லொறியோ பஸ்ஸோ எதுவானாலும் நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் புறப்படும். திபெத்தில் கணவாய் உச்சியில் கற்குவியல் இருக்கும். கடப்பவர் ஒவ்வொருவரும் ஒரு கல் சேர்த்து, தெய்வத்துக்கு வெற்றி என்று குரலெழுப்பிவிட்டு இறங்குவார்கள். அங்கே கல், இங்கே தேங்காய்.

திபெத்தின் ஆவிகளைப் பற்றி ஆஸ்திரிய அறிஞர் நெபெஸ்கி வொய்கோவிட்ஸ் 1956இலேயே பெரிய நூல் எழுதிவிட்டார். கொஹொம்ப கங்காரிய பற்றிச் சிங்களத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். மலையகத்தின் ரோதைமுனிக்கும் கவ்வாத்துச்சாமிக்கும் கிடைத்திருப்பது மிகக் குறைவு. தோட்டங்கள் கைமாறுகின்றன, தொழிற்சாலைகள் மூடப்படுகின்றன. ரோதை நின்றால் அதன் முனியும் போய்விடும். ஆகையால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இதை வாசிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, மலை முடக்கிலும் தொழிற்சாலை ஓரத்திலும் நிற்கும் அந்தக் கல்லடிக்கு அப்பாயியையோ தாத்தாவையோ கூட்டிப்போங்கள். இந்தக் கல்லை யார் வைத்தார்கள், என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், எதைப் படைத்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதி வையுங்கள்.